சாகாத காதலன் கதைகள்: அடுத்து எதைப் படிக்கலாம்?

ஹோலி பிளாக் எழுதிய ‘தி க்ரூயல் பிரின்ஸ்’ (2018) நாவல், அதன் தொடர்ச்சிகள் இரண்டு, எல்லாம் முடித்தாயிற்று. இப்போது எதை எடுத்தாலும் சப்பென்று இருக்கிறது.

கதாநாயகி ஜூட் மனுஷப் பெண். கார்டன், வயதாகிச் சாகாத ஃபேரி என்ற மாய இனத்து இளவரசன். அவள் சாப்பாட்டில் மண்ணை உதைத்துத் தள்ளுகிற அளவுக்கு அவனுக்குத் திமிர். ஆனால் ஃபேரிகளால் பொய் சொல்ல முடியாது, அவளால் முடியும். உடம்புக்குப் பழகட்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாக விஷம் வேறு சாப்பிடுகிறாள்! அப்படிப்பட்டவளிடம் அவன் மெல்ல மெல்லத் தோற்பதில்தான் ருசியே.

இந்த மாதிரி வேறென்ன இருக்கிறது? பகை நிஜப் பகையாக இருக்க வேண்டும், பத்தாம் பக்கத்திலேயே உருகக் கூடாது. ஐந்நூறு வயதுக்காரன் காலேஜ் பையன் மாதிரி வழிகிற கதைகள் வேண்டவே வேண்டாம். அப்புறம், தமிழில் யாராவது எழுதியிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.