நெரிபொறி: தானியம் உடைக்கும் இரட்டை உருளைக்கு ஒரு சொல்

தம்பிக்கும் சொல்லாக்கக் குழும அன்பர்களுக்கும் வணக்கம். நீங்கள் எழுதிய கேள்விகளை மேலே வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் சொல்கிறேன்.

> வெளிநாட்டில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்கள், முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைக்கத் தாங்களே ஒரு ரோலர் மில் செய்துகொள்கிறார்கள். செய்முறையைத் தமிழில் எழுதுகிறேன். 'உருளை ஆலை' என்று போட்டிருக்கிறேன். சரிதானா, ஐயா?

ஆலை என்றால் எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் நெல்லோ கரும்போ லாரியில் வந்து இறங்க வேண்டும். மேசை விளிம்பில் திருகி மாட்டி, கையால் பிடிக்கிற டிரில்லால் சுற்றுகிற சாமானுக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை. 'உருளை' இருக்கட்டும். செய்தித்தாள்கள் எரிவாயு சிலிண்டரையும் உருளை என்றுதான் எழுதுகின்றன. ஆனாலும் இடம் பார்த்துப் பொருள் புரிந்துவிடும்.

> 'அரவை' இருக்கும்போது புதுச் சொல் எதற்கு? நெல் அரவை, கரும்பு அரவை என்று டெல்டா முழுக்கச் சொல்கிறோமே.

இதற்குத்தான் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அரவை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிற சொல். நெல் அரவையில் அரிசி வரும், கரும்பு அரவையில் சாறு வரும், மிளகாய் அரைத்தால் தூள் வரும். தம்பி கேட்கிற பொறியில் இவை எதுவும் வரக் கூடாது.

நம் ரைஸ் மில்லில் நெல்லின் உமியை நீக்குகிற ரப்பர் செல்லரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கேயும் இரண்டு உருளை, எதிரெதிராகச் சுற்றும். ஆனால் ஒன்று வேகம், மற்றது ஏறக்குறைய கால் பங்கு மெதுவு. அந்த வேக வித்தியாசத்தில் நெல் இழுபட்டு உமி உரிந்துவிடும், அரிசி முழுசாக நிற்கும். குருணையும் நொய்யும் கூடினால் மில்காரருக்கு நஷ்டம். நெல்லைத் தேய்த்து உமி நீக்கிய பழைய ஹல்லர் மில்கள் குறைந்ததற்கு அந்த உடைசலும் ஒரு காரணம்.

பார்லிக்கான உருளையில் கதை தலைகீழ். உமி கிழியாமல் இருக்க வேண்டும், உள்ளே இருக்கிற மாவுப்பகுதி நாலைந்து துண்டாக உடைய வேண்டும். உடைத்த தானியத்தைச் சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுவார்கள். முளைவிட்டபோது தானியத்தில் உண்டான நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். பிறகு அந்த இனிப்பு நீரை வடிக்க வேண்டும், அப்போது அடியில் படிந்த உமிதான் வடிகட்டி. மாவு மில்லில் கொடுத்து நைசாக அரைத்துவிட்டால் பாத்திரம் முழுக்கக் கூழ், சொட்டுக்கூட இறங்காது. ஆகவே இங்கே இரண்டு உருளைக்கும் ஒரே வேகம். சின்னப் பொறிகளில் ஒன்றைத்தான் டிரில் சுற்றும், இன்னொன்று தானியம் இழுக்கிற இழுப்பிலேயே கூடச் சுற்றும். இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஒட்டி.

அரைப்பதும் இல்லை, உரிப்பதும் இல்லை, இடிப்பதும் இல்லை. இரண்டு பக்கமும் நெருக்க, நடுவில் அகப்பட்டது உடைகிறது. அதற்குத் தமிழில் ஒரு வினை தயாராக இருக்கிறது: நெரித்தல். 'நெரிபொறி' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. உரைகல் போல வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. உருளையை மட்டும் சுட்ட 'நெரியுருளை'.

> 'நொறுக்கி' இன்னும் எளிது, ஐயா. படித்ததும் புரியும்.

புரியும், ஆனால் ஜல்லி கிரஷர் போல் புரியும். நொறுக்கியதில் முழுசாக எதுவும் மிஞ்சாது. உமியைக் காப்பாற்றுவதுதானே இந்தப் பொறியின் வேலையில் பாதி?

இன்னொரு சொல்லும் தேவைப்படும். உருளையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வரி ஏற்றுவதை லேத் பட்டறையில் 'நர்லிங்' என்பார்கள். தொழிற்சாலை உருளை பெரிது, தானியம் தானாக உள்ளே இழுபடும். வீட்டில் செய்வது ஒன்றரை அங்குல விட்டம். வழவழப்பாக விட்டால் தானியம் மேலேயே உட்கார்ந்து வழுக்கிக்கொண்டிருக்கும். அம்மி தேய்ந்தால் கொத்து போடுவதும் இதற்காகத்தான். அதனால் 'கொத்திட்ட உருளை' என்று எழுதுங்கள். உளியால் அடிப்பதில்லை, வரி வெட்டிய சிறு சக்கரத்தை வைத்து அழுத்தித்தான் ஏற்றுகிறார்கள். ஆனாலும் பயன் ஒன்றுதான்.

(நம் ஊரில் வீட்டில் பியர் காய்ச்சினால் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் வாசலில் நிற்கும். சொல் உண்டாக்கத் தடை ஏதும் இல்லை. கோழிக்குச் சோளம் உடைக்கவும் இதே பொறி உதவும் என்று கட்டுரையில் ஒரு வரி சேர்த்தால் இங்கே படிப்பவர்களுக்கும் பயன்.)

---

கும்பகோணத்திலிருந்து ஓர் அன்பர்:

'நெரி' என்றதும் கழுத்துதான் நினைவுக்கு வருகிறது, ஐயா. சமையல் சம்பந்தமான கட்டுரையில் கொஞ்சம் உறுத்தாதா? 'எந்திரம்' என்று முடித்தால் என்ன? சங்கப் பாட்டிலேயே 'கரும்பின் எந்திரம்' இருக்கிறதே.

---

கழுத்தை மட்டுமா நெரிக்கிறோம்? புருவத்தையும் நெரிக்கிறோம், தேர்த் திருவிழாவில் நெரிசலில் மாட்டிக்கொள்கிறோம். எல்லாவற்றிலும் பக்கவாட்டு நெருக்கம்தான் பொது. உறுத்தல் நாலு தடவை புழங்கினால் போய்விடும். 'நெரி எந்திரம்' தவறில்லை, ஆனால் பட்டறைப் பலகையில் எழுத நீளம். 'பொறி' என்றால் எலிப்பொறி நினைவு வருமே என்று அடுத்து யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: பொறியியல் கல்லூரியில் எலி பிடிக்கச் சொல்லித் தருவதில்லை.

---

தம்பியின் மறுமொழி:

நன்றி, ஐயா. அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இடைவெளியைக் கூட்டிக் குறைக்க, ஓர் உருளையின் அச்சை மையம் விலகிய வளையத்தில் உட்கார்த்துகிறார்கள். வளையத்தைத் திருப்பினால் உருளை நெருங்கும் அல்லது விலகும். அதற்கு?

---

மில்லில் 'கேம்' என்பார்கள். 'மையம் விலகிய வளையம்' என்று நீங்களே எழுதிவிட்டீர்களே, அது போதும். எல்லாத் திருகுக்கும் பெயர் சூட்ட வேண்டாம். அகரமுதலிக்கு நான் அனுப்பவிருக்கும் பதிவு:

நெரிபொறி (பெ.): எதிரெதிராகச் சுழலும் கொத்திட்ட உருளைகளின் இடையே தானியத்தைச் செலுத்தி, உமி சிதையாமல் உள்ளிருக்கும் மாவுப்பகுதியை உடைக்கும் பொறி. ஒப்பிடுக: செல்லர்.

திருத்தம் இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள்.