கவிதையில் படித்ததை வீட்டில் பார்த்த அனுபவம் உண்டா?

அந்திமல்லி:
குறுந்தொகை 167 எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொழிப்புரை எழுதப் போவதில்லை. தயிர் பிசைந்த விரல், தாளிப்புப் புகை ஏறிய கண், ‘இனிது’ என்று கணவன் உண்ண, அவள் முகம் நுண்ணிதின் மகிழ்ந்தது. அவ்வளவுதான் பாட்டு. என் மாமனார் சாப்பிடும்போது வாய் திறக்காதவர். நீண்ட காய்ச்சலுக்குப் பிறகு ஒருநாள், தட்டைப் பார்த்தபடியே, “நன்றாக இருக்கிறது” என்றார். மாமியார் சட்டென்று திரும்பி அடுப்புமேடையைத் துடைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் துடைத்து முடித்திருந்த மேடை. நான் நின்ற இடத்திலிருந்து ஒரு பக்கக் கன்னம் மட்டும் தெரிந்தது. இன்னும் அந்தக் கன்னம் மனதைவிட்டுப் போகவில்லை.

ஓரத்து இருக்கை:
இதை எப்படிக் காதல் என்கிறீர்கள்? புகையில் வெந்தவள் அவள். ஒரு சொல்லோடு கடமையை முடித்துக்கொண்டவன் அவன். எனக்குக் குறள் 1312 போதும். ஊடியிருக்கும்போது தும்முகிறான், ‘நீடு வாழ்க’ என்று அவள் வாய் திறப்பாள் என்று தெரிந்தே. நாங்கள் பேசாமல் இருந்தபோது அடுத்த அறையிலிருந்து என் கைபேசிக்கு அழைப்பு வந்தது. எட்டிப் பார்த்தேன். “கை தவறிப் பட்டுவிட்டது” என்றார். மூன்றாவது முறையாகவும் கை தவறியது!

பழைய வாசகன்:
மேலே ஊடலில் இருப்பவருக்கு ஒன்று சொல்கிறேன். 1302ஐ மறக்காதீர்கள்: ஊடல் உப்பைப் போல, அளவு மீறினால் கெட்டது. புதிதாக மணமானவர்கள் காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில் முதல் நான்கைந்தைப் படித்துவிட்டு மூடிவைக்கிறார்கள். கடைசி மூன்றான புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். குடும்பத்துக்கு உதவுபவை அவைதாம். ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். சண்டைக்கு நடுவே மேற்கோள் காட்டாதீர்கள், எரியும். உரையோடு அனுப்பவே அனுப்பாதீர்கள். என் அனுபவம் 1285தான்: மை தீட்டும்போது கோலைக் காணாத கண்போல, நேரில் கண்டால் அவன் குற்றம் தெரிவதில்லை. ரயில் நிலையத்தில் மனைவியிடம் கேட்கவேண்டிய கேள்விகளை அடுக்கி வைத்திருந்தேன். இறங்கியதும் பையை நீட்டினாள். வாங்கிக்கொண்டு நடந்தேன்.

அந்திமல்லி:
ஓரத்து இருக்கைக்கு: அந்தப் பாட்டில் பேசுபவள் செவிலி, தலைவியை வளர்த்த தாய். மகளின் இல்வாழ்க்கையை நேரில் பார்த்துவிட்டு வந்து பெற்றவளிடம் சொல்கிறாள். பெற்றவள் கேட்கத் துடிப்பது மகளின் முகம் எப்படி இருந்தது என்பதை. மாப்பிள்ளையின் கடமைக் கணக்கை நீங்கள்தான் கேட்கிறீர்கள்.