தண்டச் சீட்டோட முடியாத கதைகள் – திருகோணமலைக்காரர் சொல்லுங்க

சல்லிக்காத்து:
போன கிழமை மகன் லைசன்ஸ் எடுத்தவன். அவனுக்குச் சொல்ல வெட்கமாக் கிடக்கிற கதையை இங்க எழுதுறன்.

2016. இரவு எட்டரை இருக்கும். நிலாவெளியில இருந்து ரவுண் பக்கம் வாறன், சாம்பல்தீவுப் பாலம் தாண்டியாச்சு. முன்னால லைட் இல்லாத சைக்கிள். என்ர சைக்கிள் லைட்டும் (மோட்டார் சைக்கிள்தான்) மின்மினிப் பூச்சி மாதிரி. ஹேண்டில் முட்டினது. பெரிய சத்தம் ஒண்டுமில்லை. நான் நிப்பாட்டேல்ல.

ஒரு முந்நூறு மீற்றர் போயிருப்பன். கண்ணாடியில பாத்தா இருட்டு. பிறகு திருப்பினன். ஏன் திருப்பினனான் எண்டு இப்பவும் எனக்கு வடிவா விளங்கேல்ல, நல்ல மனசு எண்டு மட்டும் சொல்லமாட்டன்.

றோட்டெல்லாம் சூடை மீன். ஒரு ஐயா இருந்த இருப்பிலேயே ஒவ்வொண்டாப் பொறுக்கி, மண்ணைத் தட்டிப் பையில போடுறார். கணுக்கால் வீங்கிக் கிடக்கு, அதை அவர் பாக்கவே இல்லை. என்னைக் கண்டிட்டு, "தம்பி, லைட்டைக் கொஞ்சம் இங்கால பிடியும்" எண்டார். முட்டினது நான்தான் எண்டு அவருக்குத் தெரியாது. நான் லைட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். மீன் முழுக்கப் பொறுக்கி முடியுமட்டும் நிண்டன்.

ஓட்டோவில ஏத்தினாப் பிறகுதான் வாய் திறந்து சொன்னனான். பொலிஸ், வாக்குமூலம், கவனயீனமா ஓடினதெண்டு வழக்கு, தண்டம் கட்டி முடிஞ்சுது. எழுதின சார்ஜன்ட் சொன்னவர்: "நிப்பாட்டாமப் போயிருந்தா இது வேற கேஸ்." அந்த முந்நூறு மீற்றரை நான் அவருக்குச் சொல்லேல்ல.

மடத்தடி மாஸ்டர்:
என்ர கதையில இரத்தம் இல்லை. பின்னால இருந்த மனிசி ஹெல்மெட் போடேல்ல, அனுராதபுரச் சந்தியில பிடிச்சிட்டாங்கள். லைசன்ஸை வாங்கிக்கொண்டு சீட்டைத் தந்தவங்கள். தபாற்கந்தோரில 14 நாளுக்குள்ள கட்டவேணும், விட்டா 28 நாள் வரைக்கும் இரட்டிப்பு. பள்ளிக்கூடத்தில தவணைப் பரீட்சை, நான் ரெண்டு கெடுவையும் விட்டிட்டன். (2025இல கோவ்பே எண்டு தண்டத்தை ஒன்லைனில கட்டிற முறை வந்தது, இப்ப எண்டா போனிலயே தட்டி விட்டிருப்பன்.)

பிறகென்ன, கோடு (நீதிமன்றம்தான்). எனக்கு ஒரு பக்கம் கஞ்சாக் கேஸ் பொடியன், மற்றப் பக்கம் தடை செய்த வலையோட பிடிபட்ட ரெண்டு பேர். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பிள்ளை கிட்ட வந்து, "சேர்? என்ன சேர் இங்க?" ஏ.எல்.இல என்னட்டப் படிச்சவள். "ஹெல்மெட்" எண்டு சொல்ல வாய் வரேல்ல. "ஒரு ஆளைப் பாக்க வந்தனான்" எண்டன். ரெண்டு நிமிசத்தில என்ர பேரைச் சத்தமாக் கூப்பிட்டாங்கள்.

மூன்றாங்கட்டை:
முதலாவது அண்ணைக்கு ஒண்டு சொல்லவேணும், கோவிக்காதைங்கோ. திரும்பி வந்தபடியால் எல்லாம் சரி எண்ட மாதிரி எழுதியிருக்கிறீங்கள். சரியில்லை. எங்கட மோட்டார் வாகனச் சட்டம் 1951ம் ஆண்டு 14ம் இலக்கம். விபத்து நடந்தா நிப்பாட்டவேணும், காயப்பட்ட ஆளுக்கு உதவவேணும், பொலிசுக்குச் சொல்லவேணும். முட்டினது ஒரு குற்றம், விட்டிட்டுப் போறது தனிக் குற்றம். அந்த ஐயா தலை அடிபட்டு விழுந்து செத்திருந்தா விசயம் தண்டனைச் சட்டக் கோவைக்குப் போயிருக்கும். 298ம் பிரிவு, கவனயீனத்தால மரணம் விளைவிச்சது, ஐஞ்சு வருசம் வரைக்கும் மறியல் (சிறை). முதல்ல விளக்கமறியலோ பிணையோ எண்டு நீதவான் தீர்மானிப்பார். பிணை எண்டா ஆள் தேடி ஓடவேணும், சொந்தக்காரரே அண்டைக்குத்தான் போனை ஓஃப் பண்ணுவினம்.

மற்றது குடி. "ரெண்டு பியர்தானே, பிடிச்சா தண்டச் சீட்டு" எண்டு எங்கட பொடியள் நினைக்கிறாங்கள். அதுக்குத் தண்டச் சீட்டே கிடையாது, நேரா கோடுதான். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில 80 மில்லிகிராம் மதுசாரம் எண்டது கணக்கு. உப்புவெளிக் கடற்கரையில இருந்து எழும்பி வாறவனுக்கு அந்தக் கணக்கு எங்க தெரியப் போகுது. மச்சானை ஓடச் சொல்லலாமெண்டா மச்சான் இவரை விட மோசம். ஓட்டோப் பிடியுங்கோ, முந்நூறு நானூறு ரூபா பாக்காதைங்கோ. இன்சூரன்ஸ் திகதியையும் ஒருக்காப் பாருங்கோ. மாஸ்டர், நீங்களும் சீட்டை லைசன்ஸ் இருக்கிற பேர்சுக்குள்ளயே வைச்சிருக்கலாம்.

என்ர அனுபவம்: ஒருக்கா சிக்னல் போடாமத் திரும்பிப் பிடிபட்டனான். அவ்வளவுதான்.

மடத்தடி மாஸ்டர்:
பேர்சில இருந்த லைசன்ஸைத்தான் அவங்கள் கொண்டு போட்டாங்களே தம்பி.

உவர்மலையான்:
மூன்றாங்கட்டை சட்டம் படிச்சவர் போல, அப்ப இதுக்கும் சொல்லட்டும். உவர்மலை இறக்கத்தில வெள்ளைக்கோட்டை வெட்டி முந்தினன், கீழ பொலிஸ்காரர் நிண்டவங்கள். இன்சூரன்ஸ் கடதாசியை மடிச்சு, நடுவில ஒரு ஆயிரம் ரூபாத் தாளை வைச்சு நீட்டினன். ஊரில செய்யிறதுதானே. அவர் விரிச்சுப் பாத்தார். தாளை ரெண்டு விரலால பிடிச்சு, பின்னால வந்த பஸ்காரர் முழுக்கப் பாக்கத் தூக்கி, "மல்லி, சல்லி வெட்டிலா" எண்டார். காசு விழுந்து கிடக்காம். என்ர கை போய் அதை வாங்கினது எனக்கே தெரியேல்ல. சீட்டையும் எழுதித் தந்தவர்.

வாங்கினவன்தானே குற்றவாளி எண்டு நினைச்சுக் கொண்டிருந்தனான். பிறகு சட்டத்தரணியான என்ர சித்தப்பா போட்ட பேச்சிலதான் விளங்கினது. குடுக்கிறதும் இலஞ்சக் குற்றம்தான், 2023ம் ஆண்டு 9ம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம். கோடு வெட்டினதுக்குச் சீட்டோட போயிருக்கும். அந்தத் தாளால நான் உள்ள போயிருப்பன். அந்தப் பொலிஸ்காரர் பகிடியோட விட்டிட்டார்.

மூன்றாங்கட்டை:
அவர் விட்டதும் பிழை.

உவர்மலையான்:
நீர் ஒருக்கா சிக்னல் போடாமத் திரும்பினதையே எங்களால மறக்கேலாமக் கிடக்கு, பேசாம இரும் ஐசே.

கோட்டைவாசல்:
கோணேசர் கோயிலுக்குப் போற வழியில மான் குறுக்க விழுந்து நான் சறுக்கினனான், முழங்கை கிழிஞ்சுது. மான் நிப்பாட்டாமப் போட்டுது. அதுக்கு எந்தப் பிரிவு?

மடத்தடி மாஸ்டர்:
சல்லிக்காத்து, ஒண்டு கேக்கிறன். அந்த ஐயாவுக்காவது சொன்னீங்களா, முதல்ல விட்டிட்டுப் போனதை?

சல்லிக்காத்து:
இல்லை மாஸ்டர். அவர் 2021இல காலமாயிட்டார். மகன்தான் இப்ப எங்கட ஒழுங்கைக்கு மீன் கொண்டு வாறவன். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன ஆள் எண்டு எனக்கு மட்டும் ஒரு பிடி கூடப் போடுறான். வேண்டாமெண்டாலும் கேக்கிறானில்லை.