புதுப்பிப்பு: எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு டையனோஜெஸ்ட், இப்போது எப்படி இருக்கிறது

பதில் சொன்ன அக்காமார் எல்லாருக்கும் நன்றி. எனக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் நோய். மண்டபத்தில் நண்டு கம்பெனியில் நின்றே வேலை, தீட்டு இல்லாத நாளிலும் அடிவயிறும் இடுப்பும் இழுத்துப் பிடிக்கிறது, ஆபரேஷன் இல்லாமல் மாத்திரையிலேயே சமாளிக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன்.

ராமநாதபுரத்தில் லேடி டாக்டர் எழுதிக்கொடுத்தது டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, 2 மி.கி. தினம் ஒன்று, இடைவெளியே விடாமல். வலி மெல்லத்தான் இறங்கியது. இப்போது ஷிப்ட் முடியும்வரை மேசையைப் பிடிக்காமல் நிற்கிறேன்.

எதிர்பாராதது உதிரம். முதல் சில மாதம் பழுப்பு நிறத்தில் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது. வேலைக்கு வெள்ளைக் கோட்டு வேறு, பயந்து பயந்து நின்றேன். அம்மா மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். "ஆரம்பத்தில் அப்படிப் படும், நீயா நிறுத்தாதே, டாக்டரிடம் கேள்" என்று தொண்டி அக்கா எழுதியிருந்ததுதான் கைகொடுத்தது. டாக்டரும் தொடரச் சொன்னார். பிறகு தீட்டே நின்றுவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரே நேரத்தில் போடச் சொன்ன யோசனையும் நல்லது, மறப்பதில்லை.

இதைத் தேடி வருகிறவர்களுக்கு: இது நோயை அடக்கி வைக்கும், வேரோடு எடுக்காது. நிறுத்தினால் வலி திரும்பலாம். கருத்தடைக்கு இதை நம்பக் கூடாது. மனசு சோர்ந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நெடுநாள் போடுவதால் எலும்பு வலுவையும் கவனிக்க வேண்டும், எனக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.