கென்னடி வழக்கு: தோட்டா ஈயத்தின் ஆண்டிமனிக் கணக்கு இன்னும் செல்லுமா?

வழிப்போக்கன்_63 கேட்டது:

அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட 1963 டல்லாஸ் வழக்கில் ஓர் இடத்தைத் தாண்ட முடியவில்லை. 1977-ல் வேதியியலாளர் வின்சென்ட் குவின், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாக ரியாக்டரில் தோட்டாத் துணுக்குகளைச் சோதித்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கீழவையின் விசாரணைக் குழு முன் சாட்சியம் சொன்னார். ஈயத்தில் கலந்திருந்த ஆண்டிமனி என்ற தனிமத்தின் அளவு பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் இப்படி வந்தது; சி.இ. என்பது வாரன் ஆணையம் (1964-ல் கொலையை விசாரித்த அரசுக் குழு) இட்ட சான்றுப்பொருள் எண்:

மருத்துவமனை ஸ்ட்ரெச்சரில் கிடைத்த முழுத் தோட்டா (சி.இ. 399) 833±9. அதே காரில் இருந்து காயமடைந்த ஆளுநர் கானலியின் மணிக்கட்டுத் துணுக்கு (சி.இ. 842) 797±7. காரின் முன் இருக்கையில் கிடைத்தது (567) 602±4. கென்னடியின் மூளையிலிருந்து எடுத்தது (843) 621±4. பின்பக்கத் தரைவிரிப்பில் கிடைத்த இரண்டு (840) 638±4, 647±4.

"இரண்டு கொத்து, இரண்டே தோட்டா, இரண்டும் ஒரே துப்பாக்கியின் வகை" என்று குவின் முடித்துவிட்டார். இன்றைக்கு இந்த முறையே காலாவதி என்கிறார்கள். என் சந்தேகம் இரண்டு. அளந்ததில் தப்பா, அளந்ததை வைத்துச் சொன்னதில் தப்பா? இது விழுந்தால், ஒரே தோட்டாதான் கென்னடியையும் கானலியையும் துளைத்தது என்ற ஒற்றைத் தோட்டாக் கோட்பாடும் சேர்ந்து விழுமா?

யார் சுட்டது என்ற சண்டை வேண்டாம். ஈயத்தை மட்டும் பேசுவோம்.

---

உலைக்களம் பதில்:

அளந்ததில் தப்பில்லை. குவின் கை சுத்தமான கை. துணுக்கை எடை போட்டு, பாலித்தீன் குப்பியில் அடைத்து, நியூட்ரான் படும்படி ரியாக்டருக்குள் அனுப்பி, வெளியே வந்ததும் காமாக் கதிரை எண்ணுவார்கள். ஈயத்தில் மாசாக இருக்கும் வெள்ளி இப்படிக் கதிரியக்கம் பெற்றால் அரைவாழ்வு 24.6 விநாடிதான், உடனே எண்ணியாக வேண்டும். ஆண்டிமனி-122-க்கு 2.7 நாள், நிதானமாக எண்ணலாம். ஈயம் தானே அதிகம் கதிர்வீச மாட்டேன் என்கிறது என்பதால் ஈயத்துக்குள் கிடக்கும் மாசை அளக்க இது வசதியான முறை. சிக்கல் வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஆண்டிமனியின் கோடு 564 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் விழும், ஆர்சனிக்கின் கோடு 559-ல். சோடியம் அயோடைடு கருவியில் இரண்டும் ஒரே மேடாகக் குழம்பிவிடும். குவினிடம் ஜெர்மானியம் கருவி இருந்தது, தனித்தனியாகப் பிரித்துவிடும்.

கோளாறு அந்த "±9"-ல் இருக்கிறது. அது காமா எண்ணிக்கையின் பிழை. பத்தாயிரம் எண்ணினால் அதன் வர்க்கமூலம் நூறு, ஆக ஒரு சதவீதம். 833-க்கு 9 என்பது ஏறக்குறைய அதுதான். அதாவது "இதே துணுக்கைத் திரும்ப எண்ணினால் எவ்வளவு மாறும்" என்பதற்கான விடை. "அதே தோட்டாவில் வேறு இடத்தில் சுரண்டியிருந்தால் என்ன வந்திருக்கும்" என்பது வேறு கேள்வி. அதற்கான விடை குவினின் சொந்த அட்டவணையிலேயே கிடக்கிறது. வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் கம்பெனியின் மூன்று தோட்டாக்களில் ஒவ்வொன்றிலும் நான்கு இடத்தில் எடுத்துப் பார்த்தார்:

6001சி: 1139, 1062, 1235, 1156
6002ஏ: 358, 983, 869, 882
6003ஏ: 667, 395, 363, 441

நடுவிலுள்ளதைப் பாருங்கள். ஒரே தோட்டா. ஒரு மூலையில் 358, இன்னொரு மூலையில் 983. சராசரி 773, திட்டவிலக்கம் 281. வழக்கின் இரண்டு கொத்துக்கும் இடையே உள்ள வித்தியாசமே சுமார் 200தான்!

காரணம் உலோகவியல். இந்த 6.5 மி.மீ. மான்லிக்கர்-கார்கானோ தோட்டாவின் உள்ளே இருப்பது கடினப்படுத்தாத ஈயம். ஆண்டிமனியை யாரும் அளந்து சேர்க்கவில்லை, பழைய ஈயத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த மாசு அது. உருகிய ஈயம் இறுகும்போது முதலில் கட்டியாகும் படிகமணி ஆண்டிமனியை வெளியே தள்ளும், கடைசியில் இறுகும் மணி எல்லையில் அது போய்ச் சேரும். மணிக்கட்டுத் துணுக்கில் குவின் சோதித்தது வெறும் 16.4 மில்லிகிராம். இத்தனூண்டு துணுக்கில் மணி எல்லை எவ்வளவு மாட்டியது என்பதைப் பொறுத்து அளவு ஏறும், இறங்கும். ராண்டிச், கிராண்ட் என்ற இருவர் 2006-ல் தடயவியல் ஆய்விதழில் எழுதியது சுருக்கமாக இதுதான். துணுக்குகள் இரண்டு தோட்டாவிலிருந்தும் வந்திருக்கலாம், ஐந்திலிருந்தும் வந்திருக்கலாம் என்றார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே சூட்டில் வெந்திருந்தால்தான். இந்தப் பானை அப்படி வேகவில்லை.

---

மெய்ப்பொருள் பதில்:

உலைக்களம் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். குவினை ஆதரிக்கும் மறுதரப்பின் வலுவான வாதத்தையும் வைத்துவிடுகிறேன். ரான், ஸ்டர்டிவன் இருவரும் 2004-ல் எழுதியது. ஒரு தோட்டாவுக்குள்ளேயே 36 சதவீதம் சிதறல் என்றால், வழக்குத் துணுக்குகளும் கண்டபடி சிதறியிருக்க வேண்டும் அல்லவா? நான்கு துணுக்குகள் 602-க்கும் 647-க்கும் இடையே, இரண்டு 797-க்கும் 833-க்கும் இடையே, நடுவில் வெற்றிடம். தற்செயலாக இப்படிக் கட்டுக்கட்டாக அமையுமா?

6002ஏ-யில் அந்த 358-ஐ மட்டும் ஒதுக்கினால் மீதி மூன்றின் சிதறல் 7 சதவீதம். 6001சி-யிலும் 6 சதவீதம். அந்த அளவுகோலை வைத்தால் 833-க்கும் 621-க்கும் உள்ள இடைவெளி மொத்தப் பிழையைப் போல மூன்று மடங்கு வருகிறது. ஒதுக்கிவிடக்கூடிய வேறுபாடு இல்லை.

---

எண்ணெழுத்து பதில்:

மெய்ப்பொருள், 358-ஐ எந்த உரிமையில் ஒதுக்குகிறீர்கள்? கணக்கின் முடிச்சே அங்கேதான். அதை வைத்துக்கொண்டு 36 சதவீதம் என்று போட்டால் அதே இடைவெளி மொத்தப் பிழையில் பாதிக்குச் சற்று மேல்தான். ஒரே ஒரு எண்ணைச் சேர்ப்பதும் விடுவதும் தீர்ப்பை மாற்றுகிறது.

அது தனித்த விபத்தாக இருந்தால் சரி என்று விட்டுவிடலாம். ஆனால் 6003ஏ-யிலும் ஒரு 667 துருத்திக்கொண்டு நிற்கிறது. அங்கே சிதறல் 30 சதவீதம். மூன்று தோட்டாவில் இரண்டில், நான்கில் ஒரு துண்டு தடம் மாறியிருக்கிறது. மணிக்கட்டுத் துணுக்கு அப்படித் தடம் மாறிய துண்டு இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? மூன்று தோட்டாவை வைத்துக்கொண்டு யாராலும் முடியாது.

கொத்து வாதத்துக்கு வருவோம். கொத்து உண்மையாகவே இருந்தாலும் "இரண்டு கொத்து = இரண்டு தோட்டா" ஆகாது. ஒரே அளவு ஆண்டிமனி கொண்ட வேறு தோட்டா எத்தனை இருக்கிறது என்று தெரிய வேண்டும். இந்த வகைத் தோட்டா நான்கு லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்), சுமார் 40 லட்சம் தயாரானது. பொதுவாகவே ஈயம் எப்படிப்பட்டது என்பதற்கு அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 2004-ல் ஒரு கணக்குக் கொடுத்தது: ஒரே சீரான கலவையுள்ள ஈயத்திலிருந்து 40 கிரெய்ன் (எடை அலகு) .22 தோட்டா 12,000-மும் வரலாம், 3.5 கோடியும் வரலாம். அடுத்த ஆண்டே எஃப்.பி.ஐ. இந்த ஒப்பீட்டு முறையைக் கைவிட்டது. 2007-ல் ஸ்பீகல்மன், டோபின் முதலானோர் அதே வகைத் தோட்டாக்களை வாங்கிச் சோதித்து, வழக்குத் துணுக்குகளின் கலவை குவின் சொன்ன அளவுக்கு அபூர்வமில்லை என்று காட்டினார்கள்.

---

வழிப்போக்கன்_63:

அருமை. அப்படியானால் மணிக்கட்டில் இருந்த ஈயம் 399-லிருந்து வரவில்லை என்றே சொல்லிவிடலாமா?

---

சான்றுச்சங்கிலி பதில்:

கூடாது! இந்த விவாதத்தில் எல்லோரும் வழுக்கும் இடம் இது. "நிரூபிக்கவில்லை" என்பதும் "பொய்யாக்கிவிட்டது" என்பதும் ஒன்றல்ல. ஆண்டிமனிக் கணக்கு போனால் ஒரு தூண் போகிறது, எதிர்த்தரப்புக்குத் தூண் ஒன்று முளைப்பதில்லை.

ஈயத்தைத் தொடாமலே நிற்கும் சான்று என்று பார்த்தால், குழல் வரிக்கோடு, அதாவது துப்பாக்கிக் குழல் தோட்டாவின் மேல் பதிக்கும் கீறல்கள். 399, 567, காரில் கிடைத்த இன்னொரு துண்டான 569 மூன்றும் வழக்கில் சிக்கிய சி2766 எண்ணுள்ள ரைஃபிளில் சுட்டவை என்று எஃப்.பி.ஐ. நிபுணர் ராபர்ட் ஃப்ரேசியர் 1964-ல் நுண்ணோக்கியில் ஒப்பிட்டுச் சொன்னார். அதற்கும் ஆண்டிமனிக்கும் தொடர்பே இல்லை. 569-ல் ஈயமே கிடையாது, வெறும் உறை (ஈயத்தைச் சுற்றியிருக்கும் செம்புக் கலவை மேலோடு). குவின் அதைச் சோதிக்கவும் இல்லை. ஆனால் மணிக்கட்டுத் துணுக்கில் வரிக்கோடு பார்க்க வழியில்லை. அதை 399-ஓடு கட்டிய ஒரே நேரடிக் கயிறு ஆண்டிமனி. அது அறுந்தபின் எஞ்சுவது எடைக் கணக்கும் குண்டுப் பாதையும்.

எடையைப் பாருங்கள். 399-ன் எடை 158.6 கிரெய்ன். ஃப்ரேசியர் நிறுத்துப் பார்த்த மூன்று புதுத் தோட்டாக்கள் 160.85, 161.1, 161.5. ஆக 399 இழந்தது 2.25-லிருந்து 2.9 கிரெய்ன் வரை. ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம் என்றால் சுமார் 145-லிருந்து 190 மில்லிகிராம். மணிக்கட்டில் எடுத்தது அரை கிரெய்ன், 32 மில்லிகிராம். கணக்கு இடிக்கவில்லை. ஆனால் 399 சுடும் முன் எவ்வளவு இருந்தது என்று யாரும் நிறுக்கவில்லையே. உடலுக்குள்ளே விட்டுவிட்ட துணுக்குகளும் எக்ஸ்ரேயில் நிழலாக மட்டுமே இருக்கின்றன, தராசில் ஏறவில்லை. இரு தரப்பும் இந்தக் கணக்கைத் தத்தம் பக்கம் இழுப்பதைப் பார்க்கலாம், எவருக்கும் பிடி கிடைக்காது.

என் பார்வையில் 399-ன் உண்மையான பலவீனம் ஆய்வகத்தில் இல்லை, கைமாறியதில். பார்க்லேண்ட் மருத்துவமனைப் பொறியாளர் கண்டெடுத்து, அங்கிருந்த பாதுகாப்பு அதிகாரியிடம் காட்டி, அவர் ரகசியக் காவல் பிரிவிடம் (அதிபரின் மெய்க்காப்புப் படை) கொடுத்து, அங்கிருந்து வாஷிங்டன் போய் எஃப்.பி.ஐ. கைக்குச் சேர்ந்தது. 1964-ல் திரும்பக் காட்டியபோது முதல் நான்கு கைகளில் ஒருவரும் "இதுதான் அது" என்று உறுதியாக அடையாளம் சொல்லவில்லை. எஃப்.பி.ஐ. அதிகாரி மட்டும் தன் முதலெழுத்தைக் கீறியதாகச் சொல்லி அடையாளம் காட்டினார். அந்த எழுத்து படங்களில் தெரிகிறதா என்பதே இன்னொரு நீண்ட தகராறு. எடுத்த இடத்திலேயே உறையிலிட்டு, எண் போட்டு, கையெழுத்து வாங்கியிருந்தால் இந்தத் தகராறு பிறந்தே இருக்காது.

---

உலைக்களம்:

சான்றுச்சங்கிலிக்கு ஒரு துணுக்குச் செய்தி. 1964-ல் ஓக் ரிட்ஜ் அணு ஆய்வகத்தில் எஃப்.பி.ஐ. ஏற்கெனவே ஒருமுறை இதே நியூட்ரான் சோதனை செய்தது. துணுக்குகளைப் பிரித்துக் காட்டும் அளவுக்கு வேறுபாடு இல்லை என்று எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் வாரன் ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார். அதே பொருள், 13 ஆண்டு இடைவெளி, இரண்டு முடிவு. கருவி மேம்பட்டது நிஜம்தான், ஆனால் விடையை மாற்றியதில் பெரும்பங்கு பிழையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதற்கு.

கீழவைக் குழுவின் நிலைமையும் வேடிக்கை. ஒரு கையில் "தைத்த தோட்டாவெல்லாம் ஒரே துப்பாக்கி" என்ற குவினின் ஈயம், மறுகையில் "இன்னொருவரும் சுட்டார்" என்ற போலீஸ் வானொலிப் பதிவு. ஒலிச் சான்றை 1982-ல் தேசிய அறிவியல் கழகக் குழு தள்ளியது. ஈயத்துக்கு இன்னும் இருபது ஆண்டு சொச்சம் ஆயிற்று.

---

வழிப்போக்கன்_63:

கடைசியாக ஒன்று. அதே அட்டவணையில் செம்பு அளவு 399-ல் 58, மணிக்கட்டில் 994. ஒரே தோட்டா என்றால் இவ்வளவு வித்தியாசமா? இதை ஏன் யாரும் கண்டுகொள்ளவில்லை?

---

எண்ணெழுத்து:

கண்டுகொண்டார்கள், உறையிலிருந்து ஒட்டியது என்று விளக்கமும் சொன்னார்கள். கணக்கும் இடம் கொடுக்கிறது. வித்தியாசம் 936 பிபிஎம். 16.4 மில்லிகிராம் துணுக்கில் அது 0.015 மில்லிகிராம் செம்பு, கண்ணுக்கே தெரியாத ஒரு தூசு. உறைத் தோட்டா எலும்பில் உரசி வந்த துணுக்கில் அவ்வளவு ஒட்டுவது சகஜம். மூளைத் துணுக்கில் செம்பு 40 சொச்சம்தான், அங்கே ஒட்டவில்லை.

ஆனால் ஒரு பக்கம் செம்பை "அசுத்தம்" என்று தள்ளிவிட்டு மறுபக்கம் ஆண்டிமனியை "கைரேகை" என்று பிடித்துக்கொள்வதானால், உறை ஆண்டிமனி அளவைக் கெடுக்கவில்லை என்று தனியாகக் காட்டியிருக்க வேண்டும். உறைத் துகளை மட்டும் எடுத்து அதே ரியாக்டரில் வைத்திருந்தால் அரை நாள் வேலை.