ஃபைனல் டிரைவ்: 'இறுதி இயக்கம்' பொருந்துமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

1945 மார்ச்சில் ஹங்கேரியின் பலாட்டன் ஏரிப் பக்கம் நடந்த சண்டையைப் பற்றிய கட்டுரை ஒன்றில், ஜெர்மானிய டாங்கியான 'பாந்தரின் இறுதி இயக்கம் தோற்றது' என்று வருகிறது. படிப்பவர் அதைக் கடைசித் தாக்குதல் என்றே எடுத்துக்கொள்வார். சொல்ல வந்ததோ ஆங்கிலத்தில் 'ஃபைனல் டிரைவ்' எனப்படும் டாங்கி உறுப்பு: கியர்பெட்டியிலிருந்து வரும் சுழல்வேகத்தைக் குறைத்து, முறுக்குவிசையைப் பெருக்கி, சங்கிலியை இழுக்கும் பற்சக்கரத்துக்குத் தருவது. 'ஈற்றுப் பல்லிணை' எனலாமா?

> ஈற்றுப் பல்லிணை

ஐயா, ஈறும் பல்லும் அடுத்தடுத்து வந்தால் வாய்தான் நினைவுக்கு வரும். 'கடைநிலை' என்றாலோ தரம் தாழ்ந்தது என்ற பொருள் ஒட்டிக்கொள்ளும்.

அந்தச் சண்டையில் மோதிய இரு தரப்பும் இதை என்னவென்று அழைத்தன என்று பாருங்கள். ஜெர்மானியர் 'சைட்டன்ஃபோர்கெலேகே' என்றனர், ரஷ்யர் 'பர்த்தவாயா பெரெதாச்சா' என்றனர். இரண்டிலும் முதற்சொல் பக்கத்தைக் குறிப்பது. 'கடைசி' என்பது ஆங்கிலத்தின் பார்வை மட்டுமே. பாந்தருக்கு இது முன்னால் இருக்கும், சோவியத் டாங்கியான டி-34-85க்குப் பின்னால். ஆனால் இரண்டிலும் உடலின் இரு பக்கத்துக்கும் ஒவ்வொன்று. எனவே 'பக்கப் பல்லிணை' என்பது என் பரிந்துரை.

பழுது பார்ப்பவருக்கும் இந்தப் பெயர்தான் உதவும். பக்கப் பல்லிணை உடைந்தால் சங்கிலியைப் பிரித்து, பற்சக்கரத்தைக் கழற்றி, கூட்டை வெளிப்பக்கமாக இறக்கலாம். பாந்தரில் கியர்பெட்டி உடைந்தாலோ ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள தகட்டைத் திறந்து, பாரந்தூக்கி வைத்து எடுக்க வேண்டும்.

பாந்தரில் இது ஏன் உடைந்தது என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். முதலில் எண்ணியது கோள்வகைப் பல்லிணை, அதாவது நடுச்சக்கரத்தைச் சிறு சக்கரங்கள் கோள்போல் சுற்றிவரும் அமைப்பு. அதை வெட்டும் இயந்திரங்கள் போதாததால் நேர்ப்பல் சக்கரங்களை இரண்டு கட்டமாக வைத்தார்கள். 45 டன் வண்டி சேற்றில் திரும்பும்போது முழுச் சுமையும் சில பற்களின் மேல் விழும், பல் முறியும். போருக்குப் பிந்தைய பிரெஞ்சு ராணுவ அறிக்கை இதன் சராசரி ஆயுளை 150 கிலோமீட்டர் என்கிறது. மார்ச் 6 அன்று தாக்குதல் தொடங்கியபோது பனி உருகி நிலமெல்லாம் சேறு. மார்ச் 16 அன்று சோவியத் படை வியன்னாவை நோக்கித் திருப்பித் தாக்கியதும், பின்வாங்கும் ஜெர்மானியருக்கு நின்றுபோன வண்டிகளை இழுத்துச் செல்ல அவகாசம் இல்லை. டி-34-85 எடை 32 டன்தான். சோவியத் படையிலிருந்த அமெரிக்க டாங்கியான ஷெர்மனில் பற்கள் அம்புமுனை வடிவில் இரட்டைச் சாய்வாக இருக்கும். சுமை பல பற்களுக்குப் பரவுவதால் அது தாங்கியது.

> பக்கப் பல்லிணை

ஏற்கிறேன். ஒரு தடை மட்டும்: லாரியில் ஃபைனல் டிரைவ் என்பது அச்சின் நடுவில் இருக்கும் கிரவுன், பினியன் என்ற பற்சக்கர இணை. அங்கே 'பக்கம்' பொய்யாகிவிடுமே?

சரியான தடை. ஒரே சொல்லை இரண்டுக்கும் இழுக்க வேண்டாம். டாங்கி, புல்டோசர் போன்ற சங்கிலி வண்டிகளுக்குப் 'பக்கப் பல்லிணை' என்றும், லாரிக்கு 'அச்சுப் பல்லிணை' என்றும் தனித்தனிப் பதிவாக இடுவோம்.