சொல் வேண்டும்: அயோவாவின் 'காக்கஸ்', மாநிலங்களின் நாள் முந்தல்

மதுரை, அரசியல் அறிவியல் ஆசிரியை:
நண்பர்களுக்கு வணக்கம். இளங்கலைப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமெரிக்க அதிபர் வேட்பாளர் தெரிவு பற்றிய பகுதியில் இரண்டு சொற்கள் தடுக்கின்றன. ஒன்று, அயோவா மாநிலத்தில் கட்சிகள் நடத்தும் காக்கஸ். மற்றொன்று, மாநிலங்கள் போட்டி போட்டுத் தேதியை முன்னால் நகர்த்தும் வழக்கம். நாளிதழ்கள் முதலாவதை 'உட்கட்சித் தேர்தல்' என்கின்றன. போதுமா?

சென்னை, ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்:
போதாது அம்மா. அந்தச் சொல்லில் 'தேர்தல்' இருப்பதுதான் சிக்கல். தன் முதனிலைத் தேர்தல் (கட்சி வேட்பாளரைத் தெரிய வாக்காளர் வாக்களிக்கும் தேர்தல்) அதையொத்த எந்தத் தேர்தலுக்கும் ஏழு நாளாவது முன்னால் நடக்கவேண்டும் என்பது நியூ ஹாம்ப்ஷயர் சட்டம். மற்ற எந்த மாநிலப் போட்டிக்கும் எட்டு நாளாவது முன்னால் தன் காக்கஸ் நடக்கவேண்டும் என்பது அயோவா சட்டம். இரண்டும் மோதாமல் வாழக் காரணம், காக்கஸ் தேர்தல் அல்ல, கட்சிக் கூட்டம். இதையும் தேர்தல் என்று எழுதினால் மாணவருக்குக் கணக்கே புரியாது. 'தெரிவவை' என்று வையுங்கள்.

தஞ்சை, தமிழாசிரியர்:
புணர்ச்சியில் குறையில்லை. 'முற்றும் அற்று ஒரோவழி' என்று நன்னூல் இடம் தருகிறது. தெரிவு + அவை தெரிவவைதான். ஆனால் அடுத்தடுத்து இரண்டு வகரம், வகுப்பில் நாக்கு இடறும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடும்பு என்னும் ஊர்ப்பிரிவு இருக்கிறதே, 'குடும்பவை' ஆகாதா?

சென்னை:
ஆகாது ஐயா. குடவோலை குலுக்கல் முறை. பராந்தகன் காலத்து ஊரார் குடத்தில் ஓலை இட்டு எடுத்தார்கள். அயோவாவில் மக்கள் பள்ளிக்கூடத்திலும் தேவாலயத்திலும் மாலையில் கூடிப் பேசி, வேட்பாளர்வாரியாக அணி பிரிவார்கள். 15 விழுக்காடு தேறாத அணியினர் கலைந்து வேறு அணிக்குப் போவார்கள். ஜனநாயகக் கட்சியில் 2020 வரை இதுதான் நடைமுறை.

கோவை, பொறியாளர்:
நம் கட்சிகளில் வட்டச் செயலாளர் இருக்கிறார். 'வட்டக் கூட்டம்' என்றால் எவருக்கும் விளங்குமே!

யாழ்ப்பாணம், நூலகர்:
வட்டம் உங்களுக்குத் தாலுகாவும் ஆகும். தவிர, வட்டக் கூட்டம் என்றால் நிர்வாகிகள் மட்டும் கூடுவதாகத் தோன்றாதா? அங்கே கட்சியில் பதிந்த வாக்காளர் எவரும் வரலாம். காக்கஸ் பாஸ்டனில் 18ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய சொல், அமெரிக்கப் பூர்வகுடி மொழியிலிருந்து வந்தது என்றும் ஒரு கருத்து. ஒலிபெயர்த்து விடுவதில் என்ன குற்றம்?

தஞ்சை:
குற்றமில்லை, சோம்பல். இரண்டாவது சொல்லுக்கு 'முந்துகை' தருகிறேன். முன் என்னும் வேரிலிருந்து முந்து, முந்தை, முந்தானை. முன்+தானை, தானை என்றால் ஆடை. முந்திரிப் பழத்தில் கொட்டை முன்துருத்தி நிற்பதைப் பாருங்கள். கீழ்வாய் இலக்கத்தில் 320இல் ஒரு பங்கும் முந்திரியே. அங்கே முன்மை எப்படி வந்தது என்று...

மதுரை:
ஐயா, முந்திரியைத் தனி இழையில் தொடர வேண்டுகிறேன். முந்துகையை எடுத்துக்கொண்டேன். ஜனநாயகக் கட்சியின் 1968 சிகாகோ மாநாட்டுக் கலவரத்துக்குப் பின் அக்கட்சியின் மெக்கவர்ன்–ஃபிரேசர் குழு வேட்பாளர் தெரிவு விதிகளை மாற்றியது. அயோவாவில் வட்டாரம், கவுண்டி, மாவட்டம், மாநிலம் என்று நான்கு படி. ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டுப் பின்னோக்கி எண்ணியபோது முதற்படி 1972 ஜனவரி 24இல் விழுந்தது. 1976இல், பின்பு அதிபரான ஜிம்மி கார்ட்டர் அங்கே கவனம் பெற்றதும் மற்ற மாநிலங்களுக்கும் முந்தும் ஆசை வந்தது. 2008க்கு முன் ஃபுளோரிடாவும் மிச்சிகனும் முந்த, அயோவா ஜனவரி 3க்கே போனது. இத்தனையையும் 'முந்துகை' தாங்கும். முதல் சொல்லுக்குத் தெரிவவை என்று பெரும்பான்மை தெரிகிறது. முடிக்கலாமா?

கோவை:
களைப்பில் வந்த பெரும்பான்மை அம்மா. 2024ஐப் பாருங்கள். ஜனநாயகக் கட்சி தென் கரோலினாவை முன்னால் வைத்தது. அயோவா ஜனநாயகர் ஜனவரி 15 அன்று கூடினார்கள், ஆனால் அதிபர் வேட்பாளர் விருப்பத்தை அஞ்சலில் பெற்று மார்ச் 5இல்தான் முடிவைச் சொன்னார்கள். அன்று அவை இருந்தது, தெரிவு இல்லை. அந்தக் கூட்டத்துக்கும் தெரிவவை என்றா எழுதுவீர்கள்? என் மறுப்பைப் பதிந்து வையுங்கள்.

மதுரை:
பதிந்தேன். வெள்ளிக்கிழமைப் பிரதியில் தெரிவவை, முதல் வருகையில் மட்டும் பக்கத்தில் காக்கஸ். இரண்டாம் பதிப்புக்குள் வட்டக் கூட்டத்துக்கு ஆதரவு திரட்டுங்கள் தம்பி, மாற்றிவிடுகிறேன்.